சி தெரியாமல் ரஸ்ட் படிக்கலாமா?

2025 பிப்ரவரி 2, ஞாயிறு. வந்த கேள்வி

அண்ணா, காலையில் மொட்டை மாடிக் கூட்டத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்ததால் கேட்க முடியவில்லை. எனக்கு பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் டெஸ்டிங் வேலை, ஓசூரிலிருந்து தினமும் பஸ். காலேஜில் பைத்தான் மட்டும்தான் படித்தேன். இப்போது ரஸ்ட் என்ற ப்ரோக்ராம் மொழியை ஆரம்பித்திருக்கிறேன் என்றதும் ஆபீஸ் சீனியர் ஒருவர், "முதலில் சி படி, ரெண்டு வருஷம் பாயிண்டரில் (நினைவக முகவரிகளில்) அடி வாங்கு, அப்புறம் ரஸ்ட் பக்கம் போ" என்கிறார். அப்படித்தானா? அம்மா இருபது பேரை வைத்துச் சீட்டு நடத்துகிறார். அந்த நோட்டை ஒரு ப்ரோக்ராமாக எழுதிப் பார்க்கிறேன். பெயரை வெக்டர் என்ற பட்டியலில் புஷ் செய்துவிட்டு (சேர்த்துவிட்டு), அடுத்த வரியில் அதே பெயரைப் போட்டு "சேர்த்தாச்சு" என்று அச்சிட்டால் ஈ0382 என்று எரர் வருகிறது. பைத்தானில் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?

பிப்ரவரி 2, இரவு

சி தெரிய வேண்டியதில்லை, தங்கச்சி. தைரியமாகப் படி. நான் பதினாலு வருஷம் சி-யில் ஃபர்ம்வேர் (கருவிகளுக்குள் ஓடும் ப்ரோக்ராம்) எழுதிவிட்டு, 2020 ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து ரஸ்ட் கற்றவன். சி தெரிந்ததால் எனக்குப் பாதி வேலை மிச்சமானது, மீதிப் பாதியில் பழைய பழக்கமே குறுக்கே நின்றது. உனக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது நல்லதுதான். ஸ்டாக் என்றால் என்ன, ஹீப் என்றால் என்ன என்று மட்டும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து புரிந்துகொள். அது இல்லாமல் முடியாது. இரண்டும் நினைவகப் பகுதிகள்: ஸ்டாக்கில் இருப்பது ஃபங்ஷன் முடிந்ததும் தானே காலியாகும், ஹீப்பில் இடத்தைக் கேட்டு வாங்கி, பிறகு விடுவிக்க வேண்டும்.

இப்போது உன் எரர். பெயர் மாதிரி எழுத்துத் தொடரை வைக்கும் ஸ்ட்ரிங் என்பது ஸ்டாக்கில் மூன்று எண்கள்: எழுத்துகள் ஹீப்பில் எங்கே இருக்கின்றன, நீளம் எவ்வளவு, எவ்வளவு இடம் பிடித்து வைத்திருக்கிறது. 64-பிட் கணினியில் மூன்று எட்டு, 24 பைட். நீ புஷ் செய்தபோது அந்த 24 பைட் மட்டும் வெக்டருக்குள் போனது. ஹீப்பில் இருக்கும் பெயர், "முருகேசன்" என்று வைத்துக்கொள், அசையவே இல்லை. பழைய மாறியும் செல்லும், வெக்டரும் செல்லும் என்று விட்டால், கடைசியில் இரண்டு பேரும் அதே ஹீப் இடத்தை விடுவிப்பார்கள். அது பெரிய ஆபத்து. அதனால் ரஸ்ட் பழைய மாறியைச் செல்லாது என்று அறிவித்துவிடுகிறது. ஐ32 (32-பிட் முழு எண்) மாதிரி எண்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஹீப்பில் எதுவும் இல்லாததால் அப்படியே நகல் ஆகிவிடும்.

சரிசெய்ய, வரிசையை மாற்று. முதலில் அச்சிடு, அப்புறம் புஷ் செய். குளோன், அதாவது முழு நகல், போட்டுத் தப்பிக்காதே, அது கெட்ட பழக்கம்.

பிப்ரவரி 5

நேற்று தங்கச்சி அனுப்பிய எரர் படத்தில் மேல் நாலு வரி மட்டும் இருந்தது. கீழே இருந்ததை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறாள். கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ரஸ்ட் கம்பைலர் (நாம் எழுதியதைச் சரிபார்த்துக் கணினி மொழிக்கு மாற்றுவது) தரும் எரரில் மருந்து கீழேதான் இருக்கும். "ஹெல்ப்" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். எந்த வரியில் மதிப்பு கைமாறியது, எந்த வரியில் அதைத் திரும்பத் தொட்டீர்கள் என்று இரண்டு இடத்தையும் கோடு போட்டுக் காட்டியிருக்கும். அதுவும் போதவில்லை என்றால் டெர்மினலில் ரஸ்ட்சி, எக்ஸ்ப்ளெய்ன், ஈ0382 (rustc --explain E0382) என்று கொடுங்கள். சின்ன உதாரணத்தோடு ஒரு பக்கம் வரும். இன்டர்நெட் கூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எரர் வந்தால் வந்தவரே முழுசாகச் சத்தமாகப் படிக்க வேண்டும், படித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பாதிப் பேர் படித்துக்கொண்டிருக்கும்போதே "ஓ, சரி சரி" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 9

இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். தங்கச்சி தன் குறிப்புநோட்டில் & குறிக்குப் பக்கத்தில் "கடன்" என்று எழுதி வைத்திருந்தாள். ஒரு மதிப்பைச் சொந்தமாக்காமல் பயன்படுத்த ரஸ்டில் போடும் குறி அது, அதற்கு ஆங்கிலத்தில் பாரோ என்று பெயர். பாரோ என்றால் கடன் வாங்குவது, அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லால்தான் அவளுக்கு எல்லாமே குழம்பியிருக்கிறது என்று பேசப் பேசத் தெரிந்தது.

தமிழில் கடன் வேறு, இரவல் வேறு. ஐநூறு ரூபாய் கடன் வாங்கினால் அதே நோட்டையா திருப்பிக் கொடுக்கிறோம்? ஐநூறு பெறுமானம் கொடுத்தால் போதும். ஒரு படி அரிசி வாங்கினாலும் அப்படித்தான், வாங்கியதைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வேறு அரிசியை அளந்து கொடுக்கிறோம். இரவல் அப்படி இல்லை. பக்கத்து வீட்டு ஏணியை இரவல் வாங்கினால் அதே ஏணி திரும்பிப் போக வேண்டும். அதை விற்க முடியாது, வெட்டி அடுப்பில் வைக்க முடியாது, சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்து போகும்போது நம்மிடம் இருக்கக் கூடாது.

ரஸ்டின் & முழுக்க முழுக்க இரவல். இப்படிச் சொன்னதும் அவள் நோட்டில் கடனை அடித்துவிட்டு இரவல் என்று எழுதினாள். பக்கத்தில் இருந்த மைசூர்க்காரத் தம்பி, "எங்களிடமும் அதே கதைதான், சால வேறு, எரவலு வேறு" என்றான். எரவலு! நம் சொல்லேதான். இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிய பாடம் இந்த வருஷத்தில் இதுதான் முதல்.

பிப்ரவரி 10

நேற்றைய ஏணிக்கு ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாராம், அனுபவசாலி. "ஏணியை ஒருவர்தான் வாங்க முடியும். ரஸ்டில் ஒரே பொருளுக்கு நூறு & இருக்கலாமே? ஏணியில் அது எப்படி?" சார், நீங்கள் சொல்வது சரி, ஏணி அங்கே ஒத்துவராது. மாற்றிக்கொள்கிறேன்.

தங்கச்சியின் அம்மா வைத்திருக்கும் சீட்டு நோட்டே பொருத்தம். நோட்டு மேஜையில் விரித்திருக்கிறது, நாலு பேர் சுற்றி நின்று பார்க்கலாம். அது &. யாராவது எழுத வேண்டுமென்றால் மற்றவர்கள் தள்ளிப் போக வேண்டும். எழுதுபவர் ஒருவர்தான், அவர் எழுதும்போது பார்ப்பவரும் கிடையாது. அது & மியூட், மாற்றும் உரிமையுள்ள இரவல். ஏன் பார்க்கக்கூட விடுவதில்லை? பாதி எழுதிய தொகையை ஒருவர் பார்த்து மனசில் குறித்துக்கொண்டு போனால் தகராறு. வெக்டரில் இது நிஜமாகவே நடக்கும். ஒரு பெயருக்கு & பிடித்துக்கொண்டே இன்னொரு பெயரைப் புஷ் செய்தால், வெக்டரில் இடம் போதாமல் எல்லாவற்றையும் ஹீப்பில் வேறு இடத்துக்கு மாற்றிவிடக்கூடும். நீ பிடித்திருக்கும் & பழைய காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஈ0502 என்று கம்பைலர் தடுப்பது இதைத்தான்.

பிப்ரவரி 13

முதல் நாள் நான் எழுதியதில் ஒன்றைத் திரும்பப் பெறுகிறேன். "குளோன் போடாதே" என்றது தவறான அறிவுரை.

யோசித்துப் பார்த்தேன். இருபது பேர், ஒரு பெயருக்கு முப்பது பைட் என்றால் மொத்தம் 600 பைட். அதை ஆயிரம் தடவை குளோன் செய்தாலும் நாம் உணரவே மாட்டோம். ஆனால் குளோனைத் தவிர்க்கிறேன் என்று அவள் ஸ்ட்ரக்ட் (ஒருவரின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) முழுக்க &ஸ்டிஆர், அதாவது எழுத்துகளின் இரவல், வைத்து, ஒவ்வொன்றுக்கும் அது எவ்வளவு காலம் செல்லும் என்ற லைஃப்டைம் குறி போட்டு, மூன்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு நான்தான் காரணம். மன்னித்துக்கொள், தங்கச்சி.

இப்போது சொல்வது: ஸ்ட்ரக்டுக்குள் ஸ்ட்ரிங்கையே வை, சொந்தமாக. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது &ஸ்டிஆர் கொடு. இடையில் மாட்டிக்கொண்டால் குளோன் போட்டுவிட்டு மேலே போ. ப்ரோக்ராம் ஓடிய பிறகு திரும்பி வந்து எந்தக் குளோன் வேண்டாம் என்று பார்க்கலாம். ஸ்ட்ரக்டில் இரவலை மட்டும் வைத்துவிட்டு மூல ஸ்ட்ரிங்கைக் கைவிடுவதற்கு நம்மூரில் பழமொழியே இருக்கிறது: இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம். கம்பைலர் அதற்கு ஈ0597 என்று எண் கொடுத்திருக்கிறது.

பிப்ரவரி 16, நீண்ட குறிப்பு

அந்த ஆபீஸ் சீனியரைப் பற்றி இன்று காலை பேச்சு வந்தது. இரண்டு பேர் அவரைக் கிண்டல் செய்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நெட்வொர்க் பெட்டி ஒன்றுக்கு சி-யில் எழுதிக்கொண்டிருந்தோம். வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. லாகில் (பெட்டி எழுதி வைக்கும் பதிவில்) ஒரு வரியின் வால் பகுதியில் வேறொரு இணைப்பின் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. லேபில் வைத்துப் பார்த்தால் வரவே வராது. கூட்டம் அதிகமான நேரத்தில் மட்டும், நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ. பதினோரு நாள் தேடினோம். கடைசியில் பிரிண்ட் எடுத்து, டொம்லூர் பக்கம் ஒரு கடையில் பை-டூ காபியோடு உட்கார்ந்து, நினைவக இடத்தை விடுவிக்கும் ஒவ்வொரு ஃப்ரீ வரிக்கும் பென்சிலால் வட்டம் போட்டோம். இணைப்பு மூடும்போது அதன் பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை) விடுவிக்கிறோம். ஆனால் முப்பது விநாடிக்கு முன் தொடங்கிய டைமர் ஒன்று அதே பஃபரின் முகவரியைக் கையில் வைத்திருக்கிறது. நேரம் வந்ததும் அது போய் எழுதுகிறது. அதற்குள் நினைவக இடம் ஒதுக்கும் மாலக் அந்த இடத்தை வேறோர் இணைப்புக்குக் கொடுத்துவிட்டது. ஃபங்ஷனுக்கு மேலே கமெண்டில் "அழைப்பவரே விடுவிக்க வேண்டும்" என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தது. டைமரை எழுதியவர் அதைப் படிக்கவில்லை, அந்தக் கமெண்டுக்கு டைமர் இருப்பது தெரியாது.

இது யாருடையது, எவ்வளவு நேரம் இருக்கும்? சி எழுதும்போதும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஆனால் நம்மைக் கேட்க ஆள் இல்லை. கமெண்டில் எழுதி வைப்போம், ஒருவர் மறப்பார், பதினோரு நாள் போகும். ரஸ்ட் அதே கேள்விக்கான பதிலை டைப்பில் (மதிப்பின் வகைக் குறிப்பில்) எழுதச் சொல்கிறது, எழுதாவிட்டால் கம்பைல் ஆகாது. புதியவர்கள் "ரஸ்ட் கஷ்டம்" என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கேள்விதான். சி-யில் ராத்திரி மூன்று மணிக்கு வருவது இங்கே பகலில் நம் எடிட்டரிலேயே வந்துவிடுகிறது.

நாங்கள் மட்டும் இப்படித் திண்டாடவில்லை. தன் தயாரிப்புகளில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தவறுகள் என்று மைக்ரோசாஃப்ட் 2019-இல் சொன்னது. அடுத்த ஆண்டு, குரோம் பிரௌசருக்கு அடித்தளமான குரோமியத்தின் குழுவும் தங்கள் பெரிய ஓட்டைகளைப் பற்றிக் கிட்டத்தட்ட அதே அளவைச் சொன்னது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.1-இல் ரஸ்டுக்கு இடம் கிடைத்ததற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருந்தது.

ஆக, அந்த சீனியர் அடி வாங்கித் தெரிந்துகொண்டவர். தெரிந்துகொண்டது பொய் இல்லை. அடி வாங்கினால்தான் தெரியும் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

பிப்ரவரி 17

சின்னதாக இரண்டு, அடிக்கடி வருபவை.

நாம் அடிப்பதை ரீட்-லைன் என்ற ஃபங்ஷன் வாங்கும்போது, வரியின் கடைசியில் என்டர் குறியும் சேர்ந்தே வரும். ட்ரிம் செய்யாமல் (ஓரத்து வெற்றுக் குறிகளை நீக்காமல்) பார்ஸ் செய்தால் (எண்ணாக மாற்றினால்) "இன்வாலிட் டிஜிட்" என்று வரும். 5000 என்று சரியாகத்தானே அடித்தேன் என்று தலையில் கைவைத்து உட்காருவோம். விண்டோஸில் கூடுதலாக இன்னொரு குறியும் ஒட்டியிருக்கும், ட்ரிம் இரண்டையும் எடுத்துவிடும். அம்மா 5,000 என்று கமா போட்டு அடித்தாலும் அதே எரர்தான், கமாவை நாம்தான் நீக்க வேண்டும்.

இரண்டாவது, "பெயர்: " என்று பிரிண்ட் கொடுத்தால் அது திரையில் வராமல், நாம் அடித்து முடித்த பிறகு வரும். ஸ்டாண்டர்ட் அவுட்புட் வரி முடியும்வரை சேர்த்து வைத்துக்கொள்ளும். ஃப்ளஷ் செய்யுங்கள், சேர்த்து வைத்தது உடனே வெளியே வரும்.

பிப்ரவரி 21

நேற்று ரஸ்ட் 1.85 வந்தது, அதோடு 2024 எடிஷனும் (மொழி விதிகளின் புதிய பதிப்பு). உடனே மூன்று பேர், "இதுவரை படித்தது வீணா?" என்று கேட்டுவிட்டார்கள். இல்லை. 2015, 2018, 2021, இப்போது 2024 என்று எடிஷன்கள் வருகின்றன. பழைய எடிஷனில் எழுதியது புதிய கம்பைலரிலும் ஓடும். ஒரே ப்ராஜெக்டில் ஒரு க்ரேட் (ரஸ்ட் நூலகத் தொகுப்பு) 2018, இன்னொன்று 2024 என்று கலந்தும் இருக்கலாம். ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோவின் கோப்பில் ஒரு வரி, அவ்வளவுதான்.

பழைய பதிவுகளைப் படிக்கும்போது மட்டும் தேதியைப் பாருங்கள். 2018 டிசம்பரில் 1.31 வரும்வரை இரவல் என்பது அடைப்புக்குறி மூடும்வரை நீடித்தது. அதனால் இரவலைச் சீக்கிரம் முடிக்க, தேவையில்லாமல் உள்ளே இன்னோர் அடைப்பு போடுவார்கள். இப்போது கடைசியாகப் பயன்படுத்திய இடத்தோடு இரவல் முடிந்துவிடுகிறது. 2016-இல் எழுதிய தந்திரத்தை ஒரு தம்பி விடாப்பிடியாகப் பின்பற்றிக்கொண்டிருந்தான். எடுத்துவிட்டுப் பார் என்றேன், அப்படியே ஓடியது.

மார்ச் 2, தமிழ் எழுத்து

இதை எழுதத்தான் ஒரு மாதமாகக் காத்திருந்தேன்.

தங்கச்சி கேட்டது: "அண்ணா, 'தமிழ்' நீளம் 15 என்கிறது. மூன்று எழுத்துதானே?"

மூன்றும் சரி, பதினைந்தும் சரி, நடுவில் ஐந்தும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'தமிழ்' என்பதை த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகளாக வைத்திருக்கிறார்கள். அந்த எண்களைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஐந்து மூன்று பதினைந்து. லென் கொடுத்தால் பைட் எண்ணிக்கை, கேர்ஸ் வைத்துக் குறிகளை எண்ணினால் ஐந்து. நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்தை எண்ண ரஸ்டின் சொந்த நூலகத்தில் வழி இல்லை, யூனிகோட்-செக்மென்டேஷன் என்ற க்ரேட்டைச் சேர்க்க வேண்டும். அதுவும் க்ஷ-வை இரண்டாகத்தான் எண்ணும், ஸ்ரீ-யையும்.

எஸ் என்ற ஸ்ட்ரிங்கின் முதல் இடத்தைக் கேட்கும் எஸ்[0] ஏன் கம்பைல் ஆவதில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆங்கில மாணவர்களுக்கு இது வெறும் தொந்தரவாகத் தெரியும். நமக்கு அது பாதுகாப்பு. பூஜ்யம் என்றால் எதன் பூஜ்யம்? முதல் பைட்டா? அது பாதி 'த' கூட இல்லை. [0..1] என்று வெட்டினால் குறியின் நடுவில் வெட்டுகிறாய் என்று ஓடும்போது பேனிக் ஆகும், ப்ரோக்ராம் அங்கேயே நின்றுவிடும். அது நல்லதுதான். பேனிக் ஆகாமல் போகும் இடத்தில்தான் பயம். [0..6] என்று வெட்டிப் பாருங்கள். ஆறு பைட், இரண்டு முழுக் குறி, ரஸ்டுக்கு எந்தக் குறையும் இல்லை. கிடைப்பது "தம". கொக்கி போய்விட்டது.

அவள் ப்ரோக்ராமில் நிஜமாகவே இது நடந்தது. ரசீதில் இடம் பத்தாது என்று பெயரை ஐந்து கேரில் (குறியில்) நிறுத்தினாள். முருகேசன் வீட்டுக்குப் போன ரசீதில் "முருக" என்று இருந்தது. எட்டு என்று மாற்றினாள், "முருகேசன" வந்தது, புள்ளி இல்லாமல். மு, ரு, கே, ச, ன் என்று ஐந்து எழுத்து, ஆனால் ஒன்பது குறி.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. கோபால் என்று இரண்டு இடத்தில் இருக்கிறது, திரையில் ஒன்றுபோலத் தெரிகிறது, சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒன்று போனில் அடித்தது, இன்னொன்று பழைய கோப்பிலிருந்து வந்தது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கும் ஒரு க்ரேட் உண்டு, பெயர் யூனிகோட்-நார்மலைசேஷன். சீட்டு எடுத்தவர் யார் என்று தேடும் ப்ரோக்ராமில் இது தப்பினால் ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். தமிழில் ரஸ்ட் சொல்லிக்கொடுப்பவர்கள் இதை முதல் மாதத்திலேயே சொல்ல வேண்டும் என்று மனசார நினைக்கிறேன்.

மார்ச் 3

தங்கச்சியின் பட்டியலில் பத்திகள் (நெடுவரிசைகள்) கோணலாக வருவதும் இதனால்தான். அகலம் 15 என்று கொடுத்தால் ரஸ்ட் குறிகளை எண்ணி மீதிக்கு இடைவெளி போடும். முருகேசனுக்கு ஆறு இடைவெளி போட்டது, திரையில் அது போதவில்லை. எழுத்தாக எண்ணினாலும் சரியாக வராது, ணௌ-வும் ர-வும் ஒரே அகலமா? தொகையை முதலில் போட்டு, பெயரைக் கடைசியில் போடச் சொன்னேன். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லையென்றால் கோணல் தெரியாது.

மார்ச் 9

இணைப்புப் பட்டியல், அதாவது லிங்க்டு லிஸ்ட்: ஒவ்வொரு கணுவும் அடுத்த கணுவின் முகவரியைப் பிடித்திருக்கும் பட்டியல். காலேஜில் இருந்து வரும் எல்லாரும் முதலில் இதையே எழுதப் பார்க்கிறார்கள். வேண்டாம், முதல் மாதத்தில் தொடாதீர்கள். இருபக்கப் பட்டியலில் ஒவ்வொரு கணுவையும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பிடித்திருக்கின்றன, யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. ஆர்சி (பலருக்குப் பங்குரிமை), ரெஃப்செல் (இரவல் விதியை ஓடும்போது சோதிப்பது) என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டிவரும். கணுக்களை ஒரு வெக்டரில் வைத்து, முகவரிக்குப் பதில் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

(மார்ச் 11, சேர்ப்பு: வெக்டரிலிருந்து ஒன்றை நீக்கினால் மற்றவற்றின் எண்கள் நகர்ந்துவிடும், பழைய எண் வேறொருவரைக் காட்டும், கம்பைலர் பிடிக்காது என்று ஒரு தம்பி சுட்டிக்காட்டினான். மிகச் சரி. நீக்குவதாக இருந்தால் இடத்தைக் காலியாக விட்டு, ஆப்ஷன் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை) வைத்துக்கொள்ளுங்கள்.)

மார்ச் 16

பணத்தை எஃப்64-இல் (தசம எண் வகையில்) வைக்கலாமா? கூடாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி 0.3-க்குச் சமமா என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்று வரும். பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள், அதுவும் ஐ64-இல் (64-பிட் முழு எண்). ஐ32-இன் உச்சம் 2,147,483,647. பைசாவில் அது 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். அம்மாவின் சீட்டுக்குத் தாராளம், ஆனால் ப்ரோக்ராமை யார் எங்கே கொண்டுபோவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எண் நிரம்பி வழிந்தால் டீபக் பில்டில் (சோதிக்கும்போது ஓட்டுவது) பேனிக் ஆகும், ரிலீஸ் பில்டில் (பயனருக்குக் கொடுப்பது) சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். வீட்டில் சரியாக ஓடியது, ரிலீஸில் தொகை மைனஸில் வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இங்கே பாருங்கள். எனக்கு இதில் ஒரு பழைய தழும்பு உண்டு. 32-பிட்டில் மில்லிவிநாடி எண்ணினால் 49 நாள் 17 மணிநேரத்தில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். சி-யில் "இப்போது நேரம் கெடுவைத் தாண்டிவிட்டதா" என்று நேரடியாக ஒப்பிட்டு எழுதியிருந்தோம். பெட்டிகள் ஒன்றரை மாதம் நன்றாக ஓடிவிட்டு ஒரே வாரத்தில் வரிசையாகத் தூங்கின. தொடங்கிய நேரத்தைக் கழித்து இடைவெளியோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். ரஸ்டில் அந்தக் கழித்தலை ராப்பிங்-சப் என்று எழுதுங்கள். சுற்றிக்கொண்டு வரும் என்று தெரிந்தே எழுதினேன் என்பது படிப்பவருக்கும் புரியும்.

மார்ச் 19

கம்பைல் நேரம் பற்றி. எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் வாங்கிய தம்பிக்கு: எழுதிக்கொண்டிருக்கும்போது பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கார்கோ செக் போதும், பில்ட் வேண்டாம். டிஸ்க் நிரம்புகிறது என்றால் கம்பைல் செய்தவை சேரும் டார்கெட் ஃபோல்டரைப் பார், கார்கோ க்ளீன் கொடு.

மார்ச் 23

ஆப்ஷனுக்குள் இருக்கும் மதிப்பை எடுக்கும், இல்லையென்றால் பேனிக் ஆகும் அன்ராப்பைப் போடலாமா? கற்றுக்கொள்ளும்போது போடு. நானும் போடுகிறேன். ஆனால் அம்மா கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு அன்ராப்பையும் தேடிப் பார்த்து, "இது இல்லையென்றால் அம்மாவுக்கு என்ன சொல்ல வேண்டும்?" என்று கேள். பதினேழாம் வரியில் தொகை சரியில்லை என்று வர வேண்டும். எரரை ? குறி போட்டு, அழைத்த ஃபங்ஷனுக்கு மேலே அனுப்பினால் மட்டும் போதாது, வரி எண்ணை ஒட்டி அனுப்பு. நல் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) என்ற ஒன்றைக் கொண்டுவந்தது தன் நூறு கோடி டாலர் தவறு என்று கணினி அறிஞர் டோனி ஹோர் 2009-இல் வெளிப்படையாகச் சொன்னார். ரஸ்டில் அந்த நல் இல்லை. ஆனால் எல்லா ஆப்ஷனையும் கண்ணை மூடி அன்ராப் செய்தால் வேறு பெயரில் அது திரும்ப வந்துவிடும்.

ஏப்ரல் 6

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்று தங்கச்சி கேட்டாள். 2021 ஜூனில் வந்த 1.53 முதல் வைக்கலாம். "தவணை", "எடுத்தவர்" என்று அவள் எழுதியதை அம்மாவுக்குக் காட்டினாளாம். அவர் திரையைப் பார்த்து, "இது எடுத்தவர் பட்டியல்தானே" என்று தானே படித்தாராம். அத்திப்பள்ளி செக்போஸ்டில் பஸ் நிற்கும்போது இதை எனக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னாள், பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

ஆனால் நான் சொன்ன ஏற்பாடு அம்மாவிடம் எடுபடவில்லை. "பேர்தான் முதல்ல வரணும். நோட்டுல அப்படித்தான் இருக்கு. தொகையைப் பார்த்தா யாரைத் தேடுறது?" என்றாராம். அவர் சொல்வதுதான் சரி, மார்ச் 3 குறிப்பை யாரும் பின்பற்ற வேண்டாம். டெர்மினலில் அச்சிடுவதை விட்டுவிட்டு சிஎஸ்வி கோப்பாக (கமாவால் பிரித்த பட்டியலாக) எழுதச் சொல்லியிருக்கிறேன், பத்திகளை எக்செல் பார்த்துக்கொள்ளும்.

ஏப்ரல் 8

எக்செலில் தமிழ் கட்டம் கட்டமாக, குப்பையாக வருகிறதாம். கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று அடையாளம் காட்டும் மூன்று பைட்டை எழுது, அந்தக் குறியின் யூனிகோட் எண் FEFF. திரையில் தெரியாது. அதே கோப்பை ப்ரோக்ராமில் நேராக ஸ்ட்ரிங்காகத் திரும்பப் படிக்கும்போது அது முதல் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும், ட்ரிம் அதை எடுக்காது. ஸ்ட்ரிப்-ப்ரிஃபிக்ஸ் போட்டு நீக்கிவிடு, இல்லையென்றால் முதல் வரியில் இருப்பவர் மட்டும் எந்த மாதமும் பணம் கட்டாதவராகத் தெரிவார். உங்கள் பட்டியலில் முதல் வரி அம்மா பெயர்தானே?